குன்னூரில் ஒரு பூனை, வெலிங்டனில் ஒரு யானை

சிம்ஸ் பூங்காவுக்கு வருகிற கூட்டம் பக்கத்தில் இருக்கும் பாஸ்டர் நிறுவனத்தை ஏறிட்டும் பார்ப்பதில்லை. 1907-இல் வெறிநாய்க்கடிச் சிகிச்சைக்காகத் தொடங்கிய இடம் அது. அதன் வாசலைக் கடந்தபோது எனக்கு நினைவு வந்ததோ நாய் அல்ல, சைமன் என்ற பூனை.

ஹாங்காங் தீவு ஒன்றில் மெலிந்து திரிந்த அதை 1948-இல் ஓர் இளம் மாலுமி யாருக்கும் தெரியாமல் 'அமெதிஸ்ட்' என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலில் ஏற்றிவிட்டான். மறு ஆண்டு ஏப்ரலில் யாங்ட்சி ஆற்றில் சீனக் கம்யூனிஸ்ட் படை அந்தக் கப்பலைச் சுட்டது. கப்பல் தலைவர் இறந்துபோனார். சைமன் குண்டுச் சில்லுகளோடும் தீக்காயங்களோடும் பிழைத்து, எலி பிடிக்கத் தொடங்கியது. மூன்று மாதத்துக்கு மேல் ஆற்றில் முடங்கிக் கிடந்த கப்பலில் உணவுப் பொருளைக் காப்பது சின்ன வேலையா? விலங்குகளுக்கான டிக்கின் பதக்கம் பெற்ற ஒரே பூனை அதுதான். ஆனால் இங்கிலாந்து சேர்ந்ததும் வெறிநோய்த் தடுப்புச் சட்டப்படி தனியே அடைத்துவைத்தார்கள். 1949 நவம்பரில், பதக்க விழாவுக்கு முன்பே, அங்கேயே நோயுற்றுச் செத்தது. சட்டம் தேவையானதுதான், இருந்தும் எனக்கு ஆறவில்லை.

குன்னூருக்கு அடுத்த மலை ரயில் நிலையம் வெலிங்டன். மதராஸ் ரெஜிமெண்டின் பயிற்சி மையம் இங்கேதான். அவர்களது தொப்பிச் சின்னத்தில் ஒரு யானை நிற்கிறது. 1803-இல் மராத்தியருக்கு எதிரான அசாயே போரில் சண்டையிட்ட மதராஸ் படைகளுக்குக் கிடைத்த கௌரவம் அது. அந்தப் போரை நடத்திய ஆர்தர் வெல்லெஸ்லிதான் பின்னாளில் வெலிங்டன் பிரபு ஆனார். ஊருக்கும் அவர் பெயர்தான். அன்று அவர் ஏறியிருந்த குதிரை சுடப்பட்டது. இன்னொரு குதிரையான டயோமெட் ஈட்டிக் குத்து வாங்கியும் பிழைத்தது. நெப்போலியனைத் தோற்கடித்த வாட்டர்லூ போரில் நாள் முழுவதும் அவரைச் சுமந்த கோபன்ஹேகன் என்ற குதிரை, இறங்கித் தட்டிக்கொடுத்தவரை எட்டி உதைக்கப் பார்த்ததாம். எனக்கு மிகவும் பிடித்த போர்க்குதிரை அதுதான்.

ரயில் பெட்டியில் எனக்கு எதிரே ஓர் ஓய்வுபெற்ற சிப்பாய் உட்கார்ந்திருந்தார். யானைச் சின்னத்தைப் பற்றிக் கேட்டேன். "யானை தொப்பியோடு சரி, தம்பி. மலை மேல் எங்களுக்கு அரிசியும் குண்டும் சுமந்தது கோவேறு கழுதை. அதற்கு யார் சின்னம் வைத்தார்கள்?" என்றார். "அவை பயப்படாதா, ஐயா?" "நாங்கள் பயப்படவில்லையா?"

அருவங்காட்டில் அவர் இறங்கிப்போனார். வெடிமருந்துத் தொழிற்சாலை இருக்கிற ஊர். எனக்குப் புறநானூற்றில் எருமை வெளியனார் பாடியது ஓடிக்கொண்டிருந்தது: "மாவாராதே மாவாராதே எல்லார் மாவும் வந்தன." எல்லார் குதிரையும் வந்துவிட்டது, என் வீட்டுச் சிறுவனின் தகப்பன் ஏறிப்போன குதிரை மட்டும் வரவில்லை என்கிறாள் ஒருத்தி. இரண்டு ஆறுகள் கூடும் இடத்தில் குறுக்கே நின்ற பெருமரம் போல அது சாய்ந்துவிட்டதோ என்றும் கேட்கிறாள். கணவன் இறந்தானா என்று அவள் வாய் கேட்கவே இல்லை. கடைசி வரை குதிரையைப் பற்றித்தான் பேச்சு. போர் விலங்கைப் பற்றி நான் படித்தவற்றில் இதற்கு ஈடாக ஒன்றைச் சொல்லத் தெரியவில்லை.

அவர் இறங்கிய பிறகுதான் பெடோங்கியின் நினைவு வந்தது. நம் ராணுவத்தின் கோவேறு கழுதை அது. 1971 போரில் பாகிஸ்தான் படையிடம் சிக்கி, அங்கிருந்து தப்பி, முதுகில் இயந்திரத் துப்பாக்கியும் தோட்டாப் பெட்டிகளுமாகத் தானே நடந்து நம் முகாமுக்கு வந்து சேர்ந்தது. பெயர்கூட வெகுகாலம் கழித்துத்தான் வைத்தார்கள். அதுவரை குளம்பில் பொறித்த எண்தான். பெரியவரிடம் சொல்லியிருந்தால், "பார்த்தீர்களா!" என்று என் தொடையில் ஓங்கி ஓர் அடி வைத்திருப்பார்.