டாலிகஞ்ச் நாட்குறிப்பு

டிசம்பர் 3
கொல்கத்தா பாக்பஜார் சந்தில் அவுட்டோர். காலையில் எடுத்தது கதாநாயகி விதவையான பின் வரும் காட்சி. மதியம் எடுத்தது அவளுக்குக் கல்யாணமான புதிதில் நடப்பது. வெள்ளைச் சங்கு வளையல், சிவப்புப் பவள வளையல், வகிட்டில் குங்குமம் எதுவும் காலையில் இருக்கக் கூடாது, மதியம் இருந்தே ஆக வேண்டும். காட்சிக்குக் காட்சி உடை, நகை பொருந்துகிறதா என்று பார்க்கும் கன்டினியூட்டி, உதவி இயக்குநரான என் பொறுப்பு. மதியம் குங்குமம் வந்துவிட்டது, பவள வளையல் வரவில்லை. ஷாட்டுக்கு முன்பே சொல்லிவிட்டேன். டைரக்டர் காதுக்கு அது போகவேயில்லை, நல்லது. இந்த மாதத்தில் இங்கே ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும். நாலு மணியானால் ஆளாளுக்கு என்னைத்தான் அவசரப்படுத்துகிறார்கள்.

டிசம்பர் 6
டாலிகஞ்ச் ஸ்டூடியோ ஃப்ளோர். லைட்டிங் முடியும்வரை டீ, அரட்டை. எங்கள் சீஃப் அசிஸ்டென்ட் டைரக்டர் பல வருஷமாகச் சீஃபாகவே இருக்கிறார். வங்காள இயக்குநர் தருண் மஜூம்தார் கதையை இன்றும் எடுத்தார். நடிகை கானன் தேவியின் படக் கம்பெனியில் உதவியாளராக இருந்தவர் மஜூம்தார். சச்சின் முகர்ஜி, திலீப் முகர்ஜி இருவரோடும் சேர்ந்து ‘யாத்ரிக்’ என்ற ஒரே பெயரில் இயக்குநர் ஆனார். 1959-இல் முதல் படம், அதிலேயே உத்தம் குமார், சுசித்ரா சென் ஜோடி! அந்த ஜோடி நடிக்க ஒப்புக்கொண்டால் எந்தத் தயாரிப்பாளர் வேண்டாம் என்பார்?

“நாமும் அப்படிச் சேர்ந்து செய்யலாமே தாதா” என்றேன் சீஃபிடம். தாதா என்றால் இங்கே அண்ணன். “யார் கதையை?” என்றார். இரண்டாவது உதவி உடனே தன் கதையை ஆரம்பித்துவிட்டான். அதோடு முடிந்தது.

டிசம்பர் 7
லீவு. தூக்கம்.

டிசம்பர் 10
லைட் பாய் ஒருவர் நான் எந்த ஊர் என்று கேட்டார். சென்னை என்றதும், இங்கிருந்து அங்கே போன நிமாய் கோஷைத் தெரியுமா என்றார். தெரியாமலா? ‘பாதை தெரியுது பார்’ எடுத்தவர். அதற்கு முன் வங்காளத்தில் அவர் இயக்கிய ‘சின்னமூல்’ படத்தில், பின்னால் பெரிய இயக்குநரான ரித்விக் கட்டக் உதவி இயக்குநர், நடிக்கவும் செய்தார். அந்தக் கட்டக் முடித்த முதல் படம் ‘நாகரிக்’ 1952-இல் தயார். திரைக்கு வந்தது 1977-இல், அவர் இறந்த பிறகு. சீஃபிடம் இதைச் சொல்லவில்லை.

டிசம்பர் 15
பேக்கப், படப்பிடிப்பு முடிந்தது. சீரியல் ஒன்றில் சீஃப் அசிஸ்டென்ட் வேலைக்கு என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். மாதாமாதம் சம்பளம், தினமும் ஷூட்டிங், கதை எழுத நேரம் மிஞ்சாது. சரி என்று சொல்லிவிட்டேன். வாடகை பாக்கி இருக்கிறது. திங்கட்கிழமை காலை ஏழுக்கு கால் டைம்.