கியர்பாக்ஸை இறக்கும் முன்: ஹைட்ராலிக் கிளட்சை வீட்டிலேயே சோதித்த விதம்

எஞ்சின் அணைந்திருக்கும்போது எல்லா கியரும் சுலபமாக விழுகிறது. ஸ்டார்ட் செய்தால் முதல் கியர் முரண்டு பிடிக்கிறது, ரிவர்ஸ் கர்ரென்று அரைக்கிறது. கிளட்ச் முழுதாக விடுபடவில்லை என்று அர்த்தம். பெங்களூரில் இதைச் சொன்னால் பெரும்பாலும் வரும் பதில், “பிளேட் போச்சு, கியர்பாக்ஸ் இறக்கணும் சார்.” தேய்ந்த பிளேட்டின் குணம் வேறு: எஞ்சின் உறுமும், வண்டி வேகமெடுக்காது. விடுபடாத கிளட்சில் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஹைட்ராலிக் பகுதியைத்தான், அதாவது பெடல் மிதியை பிரேக் ஆயில் வழியாகக் கிளட்சுக்குக் கடத்தும் பகுதியை.

பெடலை நாலைந்து முறை வேகமாக மிதித்தோம். அது மேலே வந்து, கியரும் விழுந்தால் உள்ளே காற்று இருக்கிறது அல்லது ஆயில் குறைந்திருக்கிறது. மிதித்தபடியே பிடித்திருக்கும்போது பெடல் மெல்லக் கீழே இறங்கி, வெளியே எங்கும் கசிவும் இல்லையென்றால், மாஸ்டர் சிலிண்டரின் (பெடலை மிதிக்கும்போது ஆயிலை அழுத்தித் தள்ளும் உருளை) உள் சீல் போய்விட்டது.

ஆயில் டப்பாவைப் பார்ப்பதில் ஒரு சூட்சுமம். பல கார்களில் பிரேக்குக்கும் கிளட்சுக்கும் ஒரே டப்பாதான். கிளட்ச் கசிந்தாலும் பிரேக்குக்கு ஆயில் மிஞ்ச வேண்டும் என்பதற்காக, கிளட்சுக்குப் போகும் குழாயை மேல்மட்டத்தில் வைத்திருப்பார்கள். அதனால் டப்பாவில் ஆயில் தெரிந்தாலும் கிளட்ச் காற்றை இழுத்துக்கொண்டிருக்கலாம். ஆயில் கறுத்திருந்தால் ரப்பர் சீல் கரைந்து வருகிறது என்று சந்தேகிக்கலாம்.

கசிவைத் தேட மூன்று இடங்கள் போதும். பெடலுக்கு மேலே தடி நுழையும் இடமும் கீழேயுள்ள கார்ப்பெட்டும் ஈரமென்றால் மாஸ்டர் சிலிண்டர். கியர்பாக்ஸுக்கு வெளியே உள்ள ஸ்லேவ் சிலிண்டரின் (அந்த ஆயில் அழுத்தத்தை வாங்கிக் கிளட்சைத் தள்ளும் உருளை) ரப்பர் உறையை விலக்கும்போது ஆயில் வழிந்தால் ஸ்லேவ். எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தின் அடியில் பிரேக் ஆயில் சொட்டினால் உள்ளே பொருத்திய வகை ஸ்லேவ். அதற்கு மட்டும் கியர்பாக்ஸை இறக்கித்தான் ஆக வேண்டும். இறக்கிய கையோடு பிளேட், அதை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டையும் மாற்றிவிடுவது நல்லது, கூலி ஒன்றுதான்.

வெளி ஸ்லேவ் என்றால் ஒருவர் மிதிக்க, இன்னொருவர் ஸ்கேல் வைத்து அதன் தடி நகர்வதை அளக்கலாம். சர்வீஸ் கையேட்டில் உள்ள அளவு வந்தும் கியர் அரைத்தால், கோளாறு ஃபோர்க்கிலோ (ஸ்லேவின் தடி தள்ளும் நெம்புகோல்) பிளேட்டிலோ இருக்கிறது. நகர்வு குறைந்தால் ஸ்லேவுக்கு முன்னுள்ள ரப்பர் ஹோஸைத் தட்டையான கிளாம்ப்பால் நெரித்து மிதியுங்கள். பெடல் கல்லாக நின்றால் மாஸ்டர் நலம். பிளாஸ்டிக் குழாயை நெரிக்கக் கூடாது, உடைந்துவிடும்.

குழாயிலுள்ள காற்றை எடுக்க அரை லிட்டர் டாட் 4 வகை பிரேக் ஆயில் தாராளம். டப்பா மூடியில் எழுதியிருப்பதையே ஊற்றுங்கள். சிலிக்கான் வகையான டாட் 5 இதோடு கலக்காது. எஞ்சின் ஆயில் ஒரு சொட்டு பட்டாலும் சீல்கள் ஊதிவிடும். ஸ்லேவில் காற்றை வெளியேற்றத் திறக்கும் பிளீடர் நிப்பிளில் ரிங் ஸ்பேனரை மாட்டி, தெளிவான குழாயைச் செருகி, மறுமுனையை ஆயில் உள்ள பாட்டிலில் முக்குங்கள். மெதுவாக மிதித்துப் பிடி, அரைத் திருகு திற, மூடு, பிறகு விடு: இந்த வரிசை பிசகினால் வெளியேறிய காற்று திரும்ப உள்ளே போகும். டப்பா காலியாக விடாதீர்கள்.

இப்படியும் பெடல் பஞ்சு போலவே இருந்தால், குழாயின் மேல் வளைவில் குமிழ் மாட்டியிருக்கும். அதற்கு 60 மில்லி சிரிஞ்சால் நிப்பிள் வழியாக ஆயிலை மெல்லக் கீழிருந்து மேலே தள்ளினோம். காற்று தானும் மேலேதானே போக நினைக்கும்! முன்பே டப்பாவில் கொஞ்சம் உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். வழிந்தால் பெயின்டை அரிக்கும், உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். அடியில் படுக்குமுன் ஸ்டாண்டும் சக்கரத்துக்குக் கட்டையும் அவசியம். ஜாக்கை மட்டும் நம்பாதீர்கள்.

சில்க் போர்டு நெரிசலில் சூடேறியபின் மட்டும் கிளட்ச் வழுக்குகிறதா? மாஸ்டர் தடிக்கும் பிஸ்டனுக்கும் நடுவே சிறு இடைவெளி இல்லாவிட்டால், ஆயில் டப்பாவுக்குத் திரும்பும் துளை மூடியே இருக்கும். சூட்டில் விரிந்த ஆயில் கிளட்சை அழுத்திக்கொண்டே இருக்கும். வழுக்கும்போது வண்டியை ஓரங்கட்டி நிப்பிளைச் சற்றுத் திறந்து மூடியதும் சரியானால் காரணம் பெரும்பாலும் இதுதான். தடியின் நட்டைத் தளர்த்தி இடைவெளியைச் சரிசெய்யலாம்.

ஜே.சி. ரோட்டில் பாகம் வாங்கப் போகும்போது பழைய சிலிண்டரைக் கழற்றி எடுத்துப் போங்கள். உள்சுவரில் கீறலோ துருவோ இருந்தால் சீல் கிட் வீண், முழு சிலிண்டராகவே வாங்குங்கள். மாட்டிக் காற்றெடுத்தபின், எஞ்சின் ஐடிலில் கிளட்சை முழுக்க மிதித்து ஐந்து எண்ணிவிட்டு ரிவர்ஸ் போட்டுப் பாருங்கள். சத்தமில்லாமல் விழ வேண்டும்.