ரைன் நதியோரம் குழுவாக சைக்கிள்: எட்டுப் பேருக்கு மேல் வேண்டாம்

யூரோவெலோ 15 என்ற நெடுந்தூர சைக்கிள் பாதைக்குக் குழுவாகக் கிளம்புகிறவர்கள் அறை தேடும் முன் தலையை எண்ணிக்கொள்ள வேண்டும். சுவிட்சர்லாந்தின் ஆண்டர்மாட்டில் தொடங்கி, ரைன் நதியோடு இறங்கி, நெதர்லாந்தின் ஹூக் வான் ஹாலந்தில் கடலைத் தொடும் பாதை இது. எல்லை தாண்டத் தாண்ட சாலை விதியும் மாறும். சுவிட்சர்லாந்தில் பத்துப் பேருக்கு மேல் சேர்ந்து போனால் ஜோடி ஜோடியாக ஓட்டலாம். ஜெர்மனியில் 16 பேர் சேர்ந்துவிட்டால் சட்டத்தின் கண்ணில் மொத்தக் குழுவும் ஒரே வண்டி: முதல் ஆள் பச்சையில் நுழைந்த பிறகு சிவப்பு விழுந்தாலும் கடைசி ஆள் வரை விட்டுப் பிரியாமல் கடக்கலாம். பிரான்சில் எத்தனை பேராக இருந்தாலும், பின்னால் வரும் கார் முந்தப் பார்த்தால் ஒற்றை வரிசைதான்.

அப்படியானால் 16 பேரைத் திரட்டிவிடலாமே என்று ஆசை வரும். வேண்டவே வேண்டாம். சாலையில் கிடைக்கும் சலுகையை ரயில் வட்டியோடு பிடுங்கிக்கொள்ளும். ஜெர்மனியின் அதிவேக ஐசிஇ 4 ரயிலில் மொத்தமே எட்டு சைக்கிளுக்குத்தான் இடம். அதற்கும் முன்பதிவு கட்டாயம். வட்டார ரயில்களில் பெரும்பாலும் முந்தியவருக்கே இடம். கோடை ஞாயிறு மாலையில் ஒரே பெட்டியில் எட்டு வண்டியை ஏற்றுவது நடக்காத காரியம். நாலு நாலாகப் பிரிந்து வேறு வேறு கதவுகளில் நில்லுங்கள். நெதர்லாந்தில் வார நாட்களில் காலை 6:30–9, மாலை 4–6:30 சைக்கிளை ரயிலில் ஏற்றவே விடமாட்டார்கள். ஜூலை, ஆகஸ்ட் மட்டும் விலக்கு. ஆறிலிருந்து எட்டுப் பேர்தான் சரி.

குழு முதலில் உடைவது சுவிட்சர்லாந்தின் ஓபர்ஆல்ப் கணவாயில். 2,044 மீட்டர் உயரத்திலிருந்து டிசெண்டிஸ் வரை சுமார் 900 மீட்டர் இறக்கம். பின்னால் 15 கிலோ மூட்டை இருக்கும்போது சக்கர விளிம்பைப் பிடிக்கும் ரிம் பிரேக்கை அழுத்தியபடியே இறங்கினால் ரிம் கொதித்து டியூப் வெடிக்கும். வளைவுக்கு முன் அழுத்தமாக இரண்டு மூன்று நொடி பிடித்து, முழுசாக விட்டு, மறுபடி பிடிக்க வேண்டும். ஆளுக்கு ஆள் ஐந்தாறு வண்டி நீளமாவது இடைவெளி இருக்கட்டும். டிஸ்க் பிரேக் பேட் ஒரு மாடல்போல் இன்னொன்று இருக்காது. அவரவர் உதிரியாக ஒரு ஜோடி கொண்டுவர வேண்டும். டயர் அளவும் வால்வும் மட்டும் எல்லோருக்கும் ஒன்றாக இருந்தால் உதிரி டியூப் சுமை பாதியாகும். நதியோரம்தானே, இனி இறக்கம்தான் என்று நினைப்பவர்களை இலான்ஸ் தாண்டி வெர்ஸாம் மேடு சரிக்கட்டிவிடும்.

செலவில் சுவிட்சர்லாந்து அநியாயம். உணவகப் பக்கம் தலைவைத்தே படுக்காதீர்கள். மிக்ரோ, கோப் கடைகளில் ரொட்டியும் சீஸும் வாங்குங்கள். ஊர்த் தொட்டிகளில் கொட்டும் தண்ணீர், குடிக்கக் கூடாது என்று பலகை இல்லாவிட்டால், தாராளமாகக் குடிக்கலாம்.

பிரான்ஸ் பக்கம் ஸ்ட்ராஸ்பூர் நோக்கிப் போகும் கால்வாய்க் கரை சமதளம், நிழல், கார் தொல்லை கிடையாது. ஆனால் மதியச் சாப்பாடு பன்னிரண்டிலிருந்து இரண்டு வரைதான். இரண்டரைக்குப் போய் நின்றால் பட்டினி. அதற்கெல்லாம் சேர்த்து ராத்திரி தார்த் ஃப்ளாம்பே! காகிதம் மாதிரி தேய்த்த மாவு, மேலே க்ரீம், வெங்காயம், பன்றிக்கொழுப்புத் துண்டுகள்; விறகு அடுப்பில் ஓரம் கருகக் கருக மரப்பலகையில் வரும். ஒவ்வொன்றாக வரவழைத்துப் பங்கு போட்டுச் சாப்பிட வேண்டும், ஆறினால் வீண். குழுவுக்கென்றே பிறந்த சாப்பாடு, பர்ஸுக்கும் வலிக்காது. கூடவே குழாய்த் தண்ணீர் கேளுங்கள், இலவசம். ஜெர்மனியில் தண்ணீருக்கும் பில் வரும், ஞாயிறு கடை அடைப்பு வேறு.

ஜெர்மனியில் மைன்ஸுக்கும் கோப்லென்ஸுக்கும் நடுவே ரைன்மேல் ஒரு பாலம்கூட இல்லை, படகுத்துறைகள்தான். அறை எந்தக் கரையில் என்பதை எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். கடைசிப் படகு போய்விட்டால் இரண்டு கரையிலும் பாதிப் பாதி ஆட்கள்.

நெதர்லாந்தில் மேடே இல்லை, ஆனால் மேற்கிலிருந்து வரும் எதிர்காற்று ஆளைத் தின்றுவிடும். முன்னால் ஓட்டுபவரை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். சைக்கிள் பாதைச் சந்திப்புகளுக்கெல்லாம் எண் போட்டிருக்கிறார்கள். பெல்ஜியத்தின் லிம்பர்க்கில் 1995-ல் ஒரு சுரங்கப் பொறியாளர் யோசனையில் தொடங்கிய முறை. அடுத்த நாலைந்து எண்களை ஹேண்டில்பாரில் ஒட்டிக்கொண்டால் பிரிந்தவர் எந்த எண்ணில் காத்திருக்க வேண்டும் என்ற குழப்பமே வராது. தரையில் வெள்ளை முக்கோணங்கள் உங்களைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தால் நீங்கள்தான் நின்று வழிவிட வேண்டும்; முன்னால் போனவர் கடந்துவிட்டார் என்று பின்னால் பாயக் கூடாது, ஜெர்மனியின் 16 பேர் சலுகை இங்கே செல்லாது. பல கடைகளில் ரொக்கம் வாங்கமாட்டார்கள், கார்டு மட்டும்.

கடற்கரை சேர்ந்ததும் ராட்டர்டாம் திரும்ப மெட்ரோ இருக்கிறது. நெரிசல் நேரம் முடியும்வரை காத்திருந்து, இங்கேயும் நாலு நாலாக ஏறுங்கள்.