ஏழாண்டு என்னும் அளவுகோல்

சிறைகளில் கொரோனா பரவுவதைத் தடுக்க, மாநிலந்தோறும் உயர்நிலைக் குழு அமைத்து, எந்தக் கைதிகளை இடைக்காலப் பிணையிலோ பரோலிலோ விடலாம் என முடிவுசெய்யுமாறு 2020 மார்ச் 23 அன்று உச்ச நீதிமன்றம் கூறியபோது, ஏழாண்டு வரை தண்டனைக்குரிய குற்றம் சாட்டப்பட்ட விசாரணைக் கைதிகளை எடுத்துக்காட்டாகக் குறிப்பிட்டது. 2019 இறுதியில் நம் சிறைகளில் நூறு பேருக்கான இடத்தில் சுமார் 118 பேர் இருந்தனர் என்பதையும், அவர்களில் ஏறத்தாழ 69 விழுக்காட்டினர் விசாரணைக் கைதிகள் என்பதையும் நான் மறக்கவில்லை. ஆயினும் தண்டனைக் காலத்தை மட்டும் அளவுகோலாகக் கொண்டு அவர்களை மொத்தமாக விடுவிப்பதை அன்றும் எதிர்த்தேன், இன்றும் எதிர்க்கிறேன்.

மனைவியைக் கொடுமைப்படுத்துவோருக்கு இந்திய தண்டனைச் சட்டத்தின் 498ஏ பிரிவு விதித்த உச்சத் தண்டனை மூன்றாண்டு. பெண்ணைப் பின்தொடர்ந்து தொல்லை தருவோருக்கு முதல்முறை மூன்றாண்டு, மறுமுறை ஐந்தாண்டு. இவை ஏழாண்டு வரம்புக்குள் எளிதாக அடங்கிவிடும். உச்ச நீதிமன்றம் அப்படிக் கூறிய மறுநாள் இரவே நாடு முழுவதும் ஊரடங்கு அறிவிக்கப்பட்டது. தாய்வீட்டுக்குப் போகப் பேருந்துகூட இல்லை. குற்றம் சாட்டப்பட்டவர் திரும்பி வரும் வீடு, புகார் கொடுத்த பெண் அடைபட்டிருக்கும் அதே வீடாக இருந்தால் அந்தப் பெண் எங்கே போவார்?

கட்டாயம் விடுவிக்குமாறு தாங்கள் உத்தரவிடவில்லை என்று ஏப்ரல் 13 அன்று உச்ச நீதிமன்றமே தெளிவுபடுத்தியது. நான் கேட்பதும் அதன் நேரான பொருளைத்தான்: காணொளி வழியாகவேனும் புகார்தாரரைக் கேட்டு, ஒவ்வொரு பிணை மனுவையும் நீதிபதி தனித்தனியாக எடைபோட வேண்டும்.