ஏற்காடு பஸ்ஸில் தெளிந்த படகுக் கணக்கு

குரூப் 4 தேர்வில் திறனறிவுப் பகுதிக்கு 25 வினாக்கள். அதற்குத் தயாரான நாட்களில் படகுக் கணக்கைக் கண்டாலே கடைசிக்குத் தள்ளிவிடுவேன். சூத்திரம் மனப்பாடம்தான், எங்கே கூட்டுவது, எங்கே கழிப்பது என்பதில்தான் ஒவ்வொரு முறையும் தடுமாற்றம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு ஏரியில் துடுப்புப் படகில் ஏறினேன். துடுப்பை நிறுத்தினால் சற்று நகர்ந்து படகும் நின்றுவிட்டது. வினாத்தாளில் வரும் 'அசைவற்ற நீர்' இதுதானே! காவிரியாக இருந்தால் சும்மா உட்கார்ந்திருந்தாலும் ஆறு நம்மை இழுத்துக்கொண்டு போகும். அந்த இழுப்புதான் நீரோட்டத்தின் வேகம். ஓட்டத்தோடு போனால் அது நமக்குக் கூலியில்லா ஆள். எதிர்த்துப் போனால் கடன்காரன்.

24 கி.மீ. தூரத்தை ஓட்டத்தோடு 2 மணி நேரத்திலும் எதிர்த்து 3 மணி நேரத்திலும் கடக்கும் படகை எடுத்துக்கொள்ளுங்கள். வேகங்கள் 12, 8. கூட்டிப் பாதியாக்கினால் படகின் வேகம் 10. கழித்துப் பாதியாக்கினால் ஓட்டத்தின் வேகம் 2. மாதிரித் தேர்வில் இதே வகைக் கணக்கைச் சரியாகப் போட்டுவிட்டுப் படகின் வேகத்தைக் குறித்து வந்தேன். கேட்டிருந்தது ஓட்டத்தின் வேகம். அன்று முதல், கேட்கப்பட்ட சொல்லுக்கு அடிக்கோடு போடாமல் நான் பேனாவை நகர்த்துவதில்லை. போய்வந்த பயணத்தின் சராசரி வேகம் கேட்டாலும் 10 என்று எழுதிவிடாதீர்கள். 48 கி.மீ., 5 மணி நேரம், மணிக்கு 9.6 கி.மீ.

என்னை அதிகம் படுத்தியது மிதக்கும் தொப்பிக் கணக்கு. ஓட்டத்தை எதிர்த்துச் செல்லும் படகிலிருந்து தொப்பி விழுகிறது. 10 நிமிடம் கழித்துத்தான் தெரிகிறது. உடனே திரும்பி, விழுந்த இடத்துக்கு 1 கி.மீ. கீழே அதை எடுக்கிறார்கள். ஓட்டத்தின் வேகம் என்ன?

விடை சேலம் திரும்பும் பஸ்ஸில் கிடைத்தது. கொண்டை ஊசி வளைவுகள் 20. கம்பியைப் பிடித்தபடி யோசித்தேன். இருக்கையில் பையை வைத்துவிட்டு 10 விநாடி முன்பக்கம் நடந்தால், அதே நடையில் திரும்பிவரவும் 10 விநாடிதான். பஸ் எந்த வேகத்தில் ஓடினாலும் அதில் மாற்றமில்லை. ஆறுதான் பஸ், தொப்பிதான் பை. அப்படியானால் படகு திரும்பிவரவும் 10 நிமிடம். மொத்தம் 20 நிமிடத்தில் தொப்பி 1 கி.மீ. மிதந்திருக்கிறது, ஓட்டம் மணிக்கு 3 கி.மீ. படகின் வேகம் தேவைப்படவே இல்லை. இதற்கா இரண்டு பக்கம் சமன்பாடு எழுதினேன்?