உப்புக்காற்றும் ஊசி மெத்தையும்

திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வீடு கடலுக்குக் கூப்பிடு தூரம். போன மாரியில் ஒரு வெள்ளைச் சட்டைக்குக் கை மடித்துக் குண்டூசி குத்தி வைத்தேன். மறுநாள் எடுத்தால் ஊசி இருந்த இடமெல்லாம் மண்ணிறப் புள்ளி. கறள். ஊசிகளைக் குத்தி வைக்கும் மெத்தையைப் பிரித்தேன். உள்ளே இருந்த பருத்திப் பஞ்சு நமுத்துக் கிடந்தது. பருத்தி ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். உப்புக்காற்றும் சேர்ந்தால் ஊசி தப்பாது.

அதனால் இந்த முறை ஐப்பசி மழைக்கு முன்பே நான்கு மெத்தை தைத்து, ஒவ்வொன்றிலும் புது ஊசி ஐந்து குத்தி, தையல் மெசினுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

முதலாவது மரத்தூள். மரக்காலையில் வாங்கி, அரித்து, மூன்று நாள் வெயிலில் காய வைத்தது. ஊசி அசையாமல் நிமிர்ந்து நின்றது. ஆனால் தூள் துணி வழியாகக் கசிந்ததால் உள்ளே தடித்த துணியில் இன்னொரு பை போட வேண்டியிருந்தது. கார்த்திகை அடைமழையில் இரண்டு ஊசி மங்கிவிட்டன.

இரண்டாவது மணல். கடற்கரை மணலில் உப்பு இருக்கும், அதைத் தொடவே இல்லை. வீடு கட்ட வந்த மகாவலி ஆற்று மணலை நாலு தண்ணீரில் கழுவி, தாச்சியில் வறுத்து ஆறவிட்டேன். கறள் இல்லை. மேசையில் இருந்து நகரவும் இல்லை. ஆனால் ஊசி பாதியோடு நின்றுவிடுகிறது, அழுத்தினால் விரல் நோகிறது.

மூன்றாவது இலவம் பஞ்சு. இந்த நாரின் மேல் இயற்கையாகவே மெழுகுப் படை இருக்கிறது, தண்ணீர் ஒட்டாது. ஒரு காலத்தில் கப்பல்களின் உயிர்காப்பு அங்கிகளை இதனால்தான் அடைத்தார்கள். மாரி முழுக்க ஐந்து ஊசியும் புதிதாகவே இருந்தன. குறை, பாரம் இல்லாதது. குத்தினால் ஊசி மறுபக்கம் வந்துவிடும்.

நான்காவது அம்மம்மா சொன்னது. "சீப்பில வாற முடியை எறியாத பிள்ளை, ஊசிக்கு அதுதான் நல்லம்." எண்ணெய் தேய்த்த முடி. உண்மைதான், ஊசி வழுக்கிக்கொண்டு இறங்குகிறது, பளபளப்போடு வெளியே வருகிறது. குளிர் நாடுகளில் இதே வேலைக்குச் செம்மறியின் கம்பளியை அடைப்பார்கள், அதிலும் இயற்கையான கொழுப்பு உண்டு. கடையில் கிடைக்கும் பின்னல் நூல் பெரும்பாலும் அக்ரிலிக் என்ற செயற்கை இழைதான், அதை அடைத்துப் பயனில்லை. முடி சேர மாதக்கணக்காகும் என்பதுதான் பிரச்சினை, என் மெத்தை ஒரு எலுமிச்சங்காய் அளவுதான் வந்தது.

அப்புறம் தை மாதத்தில் எல்லாவற்றையும் பிரித்து, மரத்தூளை விட்டு மற்ற மூன்றையும் ஒன்றாக்கினேன். பாதிச் சிரட்டையின் அடியில் பெருவிரல் தடிப்புக்கு மணல் பை. அதற்கு மேல் முடி உருண்டை, ஊசி முனை போய் நிற்கும் இடம் அது. சுற்றியும் மேலும் இலவம் பஞ்சு, கை வலிக்கும் வரை அழுத்தி அடைத்தது. தளர்வாக விட்டால் ஒரு மாதத்தில் அமர்ந்துவிடும். ஓரத்தை இழுத்துத் தைத்து, சிரட்டையில் பசையால் ஒட்டினேன்.

மெசினுக்குப் பக்கத்தில் இப்போது அது ஒன்றுதான் இருக்கிறது. வெள்ளைத் துணி வந்தாலும் அதிலிருந்தே ஊசி எடுக்கிறேன்.