காற்று அடித்தால்தான் காசு

வீடு சேதம் என்று யார் வந்து நின்றாலும் நாங்கள் முதலில் கேட்பது, எதனால் என்று. வெள்ளம், காற்று, மின்னல், எல்லாவற்றுக்கும் வழி உண்டு. யானை உடைத்தால்கூட வனஜீவராசிகள் திணைக்களம் இருக்கிறது. கட்டின விதமே சரியில்லை என்றால் மட்டும் எந்தப் படிவத்தை நீட்டுவது என்று எனக்குத் தெரியாது. திருகோணமலை மாவட்டத்தில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக வேலை பார்த்த காலத்தில் அப்படிப்பட்ட வீடுகள்தான் என்னை அதிகம் அலைக்கழித்தன.

மூதூர்ப் பக்கம் ஒரு அம்மாவின் வீடு. மீள்குடியேறி, உதவிப் பணத்தில் கட்டியது. ரோட்டிலிருந்து பார்த்தால் வடிவான வீடு. கிட்டப் போனால் முன் யன்னலுக்கு மேலே குறுக்கே போகிற கொங்கிறீற்று வளையின், அதாவது லின்டலின், அடிப்பக்கம் நீளத்துக்குப் பிளந்து, கொங்கிறீற்று கையகலத்துக்கு விழுந்திருந்தது. உள்ளே கம்பி பொருக்குப் பொருக்காகத் துருப்பிடித்துக் கிடந்தது. பின்பக்கம் பூச்சில்லாத சுவரை ஆணியால் கீறினேன், சீமெந்துக் கல் மாவாகக் கொட்டியது. ஒரு பை சீமெந்தில் அளவுக்கு மிஞ்சிக் கல் அரிந்தால் அப்படித்தான். சுவரின் அடியில் வெள்ளையாகப் பூத்திருந்ததை அந்த அம்மா விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"உப்புத்தான் சேர். கங்கை மண் எண்டு சொல்லித்தான் ரக்டர்காரன் பறிச்சவன்."

கங்கை மண், அதாவது ஆற்று மண், என்று சொல்லி இறக்கியது கடல் மண். கடல் மண்ணின் உப்பு கம்பியைத் துருவேற்றும். துரு, இரும்பைவிடக் கூட இடம் பிடிக்கும்; அது உள்ளிருந்து நெம்ப, கொங்கிறீற்று வெடிக்கும். கம்பிக்கு வெளியே ஒரு அங்குலமாவது நல்ல கொங்கிறீற்று மூடியிருந்தால் கொஞ்ச வருடம் தாக்குப்பிடிக்கும். இங்கே அரை அங்குலம்கூட இல்லை. மகாவலி ஆறு வந்து கடலில் விழுகிற இடத்திலேயே ஆற்று மண் இல்லாமல் வீடு கட்டுகிறார்கள் என்றால் வெளியூர்க்காரர் நம்பமாட்டார். பெர்மிட் கூலி, லொறிக் கூலி எல்லாம் சேர்ந்து ஆற்று மண் விலை எங்கேயோ போய்விட்டது. கடற்கரை மண் சும்மா கிடக்கிறது.

சரி, யார் பொறுப்பு? சுனாமிக்குப் பிறகு முழுதாக அழிந்த வீட்டுக்கு 250,000 ரூபா கொடுத்தார்கள். இந்திய வீடமைப்புத் திட்டத்தில் 2012இல் தொடங்கிய பெரும்பகுதிக்கு வீடு ஒன்றுக்கு 550,000 ரூபா. இவற்றில் பெரும்பாலும் பயனாளியே கட்டிக்கொள்ளும் முறை. வேலை முன்னேற முன்னேற, பணம் பகுதி பகுதியாக அவருடைய வங்கிக் கணக்குக்குப் போகும். நல்ல முறைதான், இன்றைக்கும் அதற்காக வாதாடுவேன். குசினி எந்தப் பக்கம் வரவேண்டும் என்று வீட்டுக்காரரே சொல்லலாம், கொந்தராத்துக்காரரின் பின்னால் திரியத் தேவையில்லை. ஆனால் பிழை வந்தால் காகிதத்தில் வீட்டைக் கட்டியவர் அந்த அம்மா! மேசனைப் பிடித்தவர் அவர், மண்ணுக்குக் காசு கொடுத்தவரும் அவர். அரச கட்டடம் என்றால் கொந்தராத்துக்காரரின் பணத்தில் ஒரு பங்கைப் பிடித்துவைத்து, வழக்கமாக ஒரு வருடம் குறை வருகிறதா என்று பார்ப்பார்கள். மேசன் பாஸுக்கும் அம்மாவுக்கும் நடுவில் இருந்தது வெறும் வாய்ப்பேச்சு. வாய்ப்பேச்சு ஒப்பந்தம் என்றால் 3 வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும், எழுத்தில் இருந்தால் 6 வருடம். நுகர்வோர் அதிகார சபைக்கு முறையிடுவதென்றால் 3 மாதம். உப்பு அவ்வளவு அவசரப்படாது.

அயர்லாந்தில் டொனகல் என்ற இடத்துக் கதையைப் பிறகு வாசித்தேன். சீமெந்துக் கல்லில் கலந்திருந்த மைக்கா, பைரோடைட் போன்ற கனிமங்களால் ஆயிரக்கணக்கான வீடுகள் வெடித்துப் பொரிந்தன. முதலில் வந்த உதவித் திட்டத்தில் செலவில் 10 வீதத்தை வீட்டுக்காரரே போட வேண்டியிருந்தது. சனம் தெருவில் இறங்கியது. 2022இல் புதுச் சட்டம் வந்து, உச்சத் தொகை 420,000 யூரோ ஆனது. தொகையைப் பார்த்து நான் வாய் பிளக்கவில்லை, அந்த நாட்டுக் காசு வேறு. கல்லைத் துளைத்து எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பி, பிழை கல்லில்தான் என்று தெரிந்தால் அரசு பணம் கொடுக்கிறது. இடி விழுந்ததா, புயல் வந்ததா என்ற பேச்சே இல்லை.

இங்கே அப்படிச் செய்ய முடியாது என்பதற்கு ஆயிரம் காரணம் சொல்வார்கள். ஒன்றை மட்டும் நான் ஏற்கமாட்டேன், அரசுக்கு இதில் பங்கில்லை என்பதை. அத்திவாரம், லின்டல், கூரை என்று ஒவ்வொரு கட்டமும் உத்தியோகத்தர் பார்த்துக் கையெழுத்து வைத்த பிறகுதானே அடுத்த பணம் போகிறது? நல்ல வேலை என்று சான்று கொடுத்த கை, கெட்டுப்போனால் திருத்தவும் கொஞ்சம் ஒதுக்கி வைக்கலாம். லின்டலை மாற்ற ஒரு புது வீட்டின் காசு தேவைப்படாது.

அந்த அம்மாவுக்குக் கடைசியில் வழி சொன்னவர் கிராம உத்தியோகத்தர். "மாரியில காத்தடிச்சா உடன வந்து சொல்லுங்க அம்மா." மாரியில் காற்றும் அடித்தது, கூரையின் ஒரு மூலை ஓடு பறந்தது. விண்ணப்பத்தில் காரணம் என்ற இடத்தில் காற்று என்று எழுதினோம், அது உண்மையும்தான். ஓட்டுக்கும் மரத்துக்கும் மதிப்பீடு போட்டேன். லின்டலைப் பற்றி ஒரு வரி எழுதினேன், அதற்குப் பணம் வரவில்லை.

ஓட்டுக்காசில் மிச்சம் பிடித்து லின்டலைச் செய்தால் கேள்வி வருமா என்று கேட்டார். வரலாம் அம்மா என்றேன். அப்புறம், லின்டலை முதலில் செய்யுங்கள் என்றும் சொன்னேன்.